பயிற்றுநர் மாறுகிறார், சாம்பியன் மாறுவதில்லை: ஜோகூர் ஜேடிடியின் கதையை எப்படிப் புரிந்துகொள்வது?

யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி டவுனுக்குள் போனால், ஆட்டம் நடக்கும் இரவுகளில் மாமாக் கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு கூட்டம் இருக்கும். போன வாரம் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். புதுப் பயிற்றுநரைப் பற்றிப் பேச்சு வந்தது. தே தாரிக் கொண்டு வந்த தம்பி ஒரே வரியில் முடித்துவிட்டான்: "யாரு கோச்சா வந்தா என்னண்ணே, கப்பு எங்க போகப்போகுது?"

அவன் சொன்னது கிண்டலா, உண்மையா? கணக்கைப் பார்த்தால் உண்மைதான். ஜோகூர் டாருல் தாக்சிம், அதாவது நாம் எல்லாரும் சொல்லும் ஜேடிடி, 2014இல் தொடங்கி 2024–25 பருவம் வரை ஒரு முறைகூட விடாமல் 11 தடவை சூப்பர் லீக் பட்டத்தை வென்றிருக்கிறது. அந்த 11 பட்டங்களும் ஒரே பயிற்றுநரின் கீழ் வந்தவை அல்ல. குரோஷியக்காரர், அர்ஜென்டினாக்காரர், போர்த்துகீசியர், மெக்சிகோக்காரர் என்று வந்தவர் வர, போனவர் போக, பட்டம் மட்டும் ஜோகூரிலேயே இருந்தது. 2025ஆம் ஆண்டு நடுவில் ஸ்பெயினைச் சேர்ந்த சிஸ்கோ முன்யோஸ் பொறுப்பேற்றிருக்கிறார். 2021இல் இங்கிலாந்தின் வாட்ஃபோர்ட் அணியைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டவர் இவர்.

அப்படியென்றால் பயிற்றுநர் என்பவர் வெறும் அலங்காரமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இந்தக் கட்டுரை. பதில், நீங்கள் எந்தப் போட்டியைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

எங்கே தொடங்கியது?

பழைய தலைமுறைக்கு ஜோகூர் என்றால் 1985, 1991. அந்த இரண்டு ஆண்டுகளில்தான் மாநிலம் மலேசியக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியது. 1991இல் லீக், கிண்ணம் இரண்டுமே வந்தன. எங்கள் அப்பா தலைமுறையில் லார்கின் அரங்கத்துக்குத் தோட்டத்திலிருந்து லாரி ஏறிப் போன கதைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பிறகு நீண்ட வறட்சி.

2012இல் துங்கு இஸ்மாயில் சுல்தான் இப்ராஹிம் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் தலைமைக்கு வந்தார். அடுத்த ஆண்டே ஜோகூரின் முதன்மை அணி ஜேடிடி என்ற பெயரில் களமிறங்கியது. ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஸ்பெயின் அணியில் இருந்த டானி கூயிசா வந்தார், இத்தாலியின் சிமோனே டெல் நேரோ வந்தார். பயிற்றுநராக சிங்கப்பூரின் ஃபாண்டி அகமது. இவ்வளவு இருந்தும் 2013 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் கிளந்தானிடம் 0–1 என்று தோல்வி. அடுத்த ஆண்டு ஃபாண்டி இல்லை.

இது கவனிக்க வேண்டிய இடம். பெரிய பெயர்களை வாங்கினால் மட்டும் கிண்ணம் வராது என்பதை ஜேடிடி முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டது. 2014இல் அர்ஜென்டினாவின் பாப்லோ அய்மாரை அழைத்து வந்தார்கள், சில ஆட்டங்களோடு அதுவும் முடிந்துபோனது. அந்த ஆண்டு உண்மையில் வேலை செய்தது வேறு ஒரு முடிவு: உள்ளூர்க் களத்தை நன்கு அறிந்த போயன் ஹோடாக்கைக் கொண்டு வந்தது. 2012இல் கிளந்தானுக்கு லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் வென்று கொடுத்தவர் அவர். ஜேடிடிக்கும் முதல் லீக் பட்டம் வந்தது. மலேசியக் கிண்ண இறுதியில் பகாங்கிடம் பினால்டியில் தோற்றார்கள்.

பட்டம் வென்ற பயிற்றுநரை என்ன செய்வார்கள்? அடுத்த ஆண்டு, பருவம் பாதிகூட ஓடாத நிலையில், மாற்றினார்கள்.

துஷான்பே இரவு

ஹோடாக்கின் இடத்துக்கு வந்தவர் அர்ஜென்டினாவின் மரியோ கோமெஸ். அவருடைய காலத்தில்தான் மலேசியக் கிளப் காற்பந்தில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. 2015 அக்டோபர் 31, தஜிகிஸ்தானின் துஷான்பே நகரம். ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டத்தில் இஸ்திக்லோல் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 1–0 என ஜேடிடி வென்றது. கோல் அடித்தவர் லியாண்ட்ரோ வெலாஸ்கெஸ். தென்கிழக்காசியாவிலிருந்து அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் கிளப் அது. நெகிரி செம்பிலானிலிருந்து வந்து தேசிய அணி வரை போன நம்ம எஸ். குணாளன் அந்த ஆண்டு ஜேடிடி அணியில் இருந்தார்.

கொண்டாட்டத்தில் பலர் மறந்துவிட்ட ஒரு விஷயமும் உண்டு. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் குவைத்தின் அல் காட்சியாவிடம் ஜேடிடி தோற்றிருந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு முன் குவைத் காற்பந்துச் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. ஜேடிடி நேராக இறுதிக்குப் போனது. இதைச் சொன்னால் ரசிகர்கள் கோபப்படுவார்கள், தெரியும். ஆனால் இறுதியாட்டத்தை வெளியூரில் போய் வென்றது அவர்கள் உழைப்புதான், அதை யாரும் பறிக்க முடியாது. அதிர்ஷ்டம் கதவைத் திறந்தது, உள்ளே நடந்து போனது அவர்கள் கால்.

அடுத்த ஆண்டு, 2016 அக்டோபரில், அதே கிண்ணத்தின் அரையிறுதியில் இந்தியாவின் பெங்களூரு எஃப்சி அணியிடம் ஜேடிடி வெளியேறியது. லார்கினில் 1–1, பெங்களூருவில் 1–3. 2017 தொடக்கத்தில் கோமெஸ் இல்லை. அவர் கொண்டு வந்த லீக் பட்டங்கள் இரண்டு.

பிறகு போர்த்துகலின் உலிசெஸ் மொராய்ஸ். 2017இல் லீக் வந்தது, கெடாவை 2–0 என்று வென்று மலேசியக் கிண்ணமும் வந்தது. ஜேடிடி என்ற பெயரில் முதல் மலேசியக் கிண்ணம் அதுதான், ஜோகூருக்கோ 26 ஆண்டுகளுக்குப் பிறகு. 2018இல் பயிற்றுநர் பொறுப்பு மறுபடி கை மாறியது. லீக் மட்டும் வழக்கம்போல.

சரி, எப்படி முடிகிறது?

இங்கேதான் என் பள்ளித் தோழன் ஒருவன் எனக்கு ஒரு வெளிச்சம் காட்டினான். யோங் பெங்கில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் சாயங்காலம் ஆனால் சீன நண்பர்கள் கூடைப்பந்து மைதானத்தில்தான் இருப்பார்கள். நாங்கள் திடலில் காற்பந்து, அவர்கள் சிமெண்ட் தரையில் கூடைப்பந்து. அந்தத் தோழன் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை ராத்திரி கண் விழித்துப் பார்ப்பவன். "ஜேடிடியப் புரிஞ்சிக்கணும்னா கெண்டக்கியப் பாரு" என்றான்.

பார்த்தேன். கெண்டக்கி மாநிலத்தின் பெயரில் இயங்கும் பல்கலைக்கழகம் அது. அங்கே கல்லூரிக் கூடைப்பந்து என்பது நமக்கு மலேசியக் கிண்ணம் மாதிரி. ஜான் கலிபாரி 15 பருவம் அங்கே பயிற்றுநர். 2012இல் தேசியப் பட்டம் வென்றவர். 2024 மார்ச்சில் தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே, தரவரிசையில் மிகவும் கீழே இருந்த ஓக்லண்ட் பல்கலைக்கழகத்திடம் 76–80 என்று அவருடைய அணி தோற்றது. அடுத்த சில வாரங்களில் அவர் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

அவர் தனியாகப் போகவில்லை என்பதுதான் விஷயம். கெண்டக்கி ஆட்டக்காரர்கள் சிலர் அவர் பின்னாலேயே ஆர்கன்சாவுக்குப் போனார்கள். கெண்டக்கியில் சேருவதாக இருந்த இளம் ஆட்டக்காரர்களும் திசை மாறினார்கள். 1996இல் அதே கெண்டக்கிக்காக விளையாடிப் பட்டம் வென்ற மார்க் போப் புதுப் பயிற்றுநராக வந்தபோது, கிட்டத்தட்ட ஓர் அணியையே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. கட்டினார். 2025 போட்டியில் கெண்டக்கி கடைசி 16 அணிகளில் ஒன்றாக வந்தது. கலிபாரியின் ஆர்கன்சாவும் அதே கட்டம் வரை வந்தது. பட்டம் இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை.

ஆக, அங்கே ஆட்டக்காரர்களைச் சேர்ப்பவர் பயிற்றுநர். எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, எந்தப் பையனை அழைத்து வருவது, எல்லாம் அவர் கை. அவர் கிளம்பினால் வீடே காலியாகும். ஜேடிடியில் அப்படி இல்லை. ஆட்டக்காரர்களைக் கொண்டு வருவது நிர்வாகம். ஆஸ்திரேலியாவின் அலிஸ்டர் எட்வர்ட்ஸ் தொழில்நுட்ப இயக்குநராக இருந்து இளையோர் அணி முதல் முதன்மை அணி வரை ஒரே பாணியில் ஓட வழி செய்தார். ஸ்ரீ கெலாமில் பயிற்சி மையம், 2020இல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கம் எல்லாம் கிளப்போடு நிற்பவை. பயிற்றுநர் ஓட்டுநர் மாதிரி: பஸ்ஸும் அவருடையது இல்லை, பாதையும் அவர் போட்டது இல்லை. எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் ஓட்டுநர் மாறும்போது பயணிகள் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கக்கூட மாட்டார்கள். அது மாதிரிதான்.

ஆனால் பாதை மேடு ஏறும்போது ஓட்டுநர் யார் என்பது தெரிந்துவிடும்.

மேடு எங்கே இருக்கிறது?

ஆசியாவில். 2019இல் ஜேடிடி முதன்முறையாக ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் ஆடியது. மே மாதம் லார்கினில் ஜப்பானின் காஷிமா அன்ட்லர்ஸ் அணியை 1–0 என்று வென்றது. காஷிமா அதற்கு முந்தைய ஆண்டின் ஆசியச் சாம்பியன். அந்த ஒரு வெற்றி இனித்தாலும் குழுவில் கடைசி இடம்தான்.

பிறகு மெக்சிகோவின் பெஞ்சமின் மோரா. இவர் திடீரென்று வெளியிலிருந்து வந்தவர் அல்ல. ஜேடிடியின் இரண்டாம் அணியைப் பயிற்றுவித்து, உள்ளேயே வளர்ந்து மேலே வந்தவர். மற்ற பயிற்றுநர்களுக்குக் கிடைக்காத அளவுக்கு நேரமும் அவருக்குக் கிடைத்தது. அதன் பலன் 2022 ஏப்ரலில் தெரிந்தது. ஜோகூரிலேயே நடந்த குழுச் சுற்றில் தென் கொரியாவின் உல்சானை இரண்டு தடவையும் 2–1 என்று வென்றார்கள். ஜப்பானின் கவாசாகியுடன் ஒரு சமநிலை, ஒரு 0–5 தோல்வி. சீனாவின் குவாங்சோவுடன் இரண்டு வெற்றி. மொத்தம் 13 புள்ளிகள், குழுவில் முதலிடம். கவாசாகிக்கு 11. உல்சானுக்கு எதிரான கடைசி ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தால் முதலிடம் கையை விட்டுப் போயிருக்கும். சாம்பியன்ஸ் லீக்கில் குழுவைத் தாண்டிய முதல் மலேசியக் கிளப் ஜேடிடி.

அதே ஆண்டில் மோராவும் விலகினார். ஆகஸ்ட் 19 அன்று ஜப்பானின் சைத்தாமாவில், உராவா ரெட்ஸ் அணியிடம் 0–5 என்று ஜேடிடி வெளியேறியது. உள்நாட்டில் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? ஆண்டு முடியும்போது பொறுப்பில் இருந்தவர் எக்டர் பிடோக்லியோ. லீக் வந்தது, எஃப்.ஏ. கிண்ணம் வந்தது, சிலாங்கூரை 2–1 என்று வென்று மலேசியக் கிண்ணமும் வந்தது. மூன்றும்.

2023க்கு எஸ்டெபான் சொலாரியைக் கொண்டு வந்தார்கள். எஃப்.ஏ. கிண்ணம் கைக்கு வந்த பிறகும் ஆண்டு நடுவிலேயே அவர் போனார், பிடோக்லியோ திரும்பி வந்தார். மறுபடி மூன்றும் ஜோகூருக்கு. 2024–25இலும் மூன்று. ஆனால் புதிய வடிவத்தில் நடந்த ஏசிஎல் எலைட் போட்டியில், லீக் சுற்றில் நன்றாக ஆடி வந்த ஜேடிடி, கடைசி 16இல் தாய்லாந்தின் புரிராமிடம் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 0–1 என்று தோற்றது. ஜப்பானிடம் தோற்பது ஒன்று, பக்கத்து நாட்டு அணியிடம் ஒரே ஒரு கோலில் தோற்பது வேறு. அந்தத் தோல்வி நிர்வாகத்துக்கு நிறையவே உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம். முன்யோஸ் அழைக்கப்பட்டது உள்நாட்டுக் கிண்ணங்களுக்காக அல்ல என்றே நினைக்கிறேன்.

உள்நாட்டில் ஒருவர் மட்டும் பழி தீர்த்தார்

2021 நவம்பர் 30, புக்கிட் ஜாலில். மலேசியக் கிண்ண இறுதியில் ஜேடிடிக்கு எதிரில் கோலாலம்பூர் சிட்டி. பணத்திலோ, ஆட்டக்காரர் எண்ணிக்கையிலோ, எந்த விதத்திலும் ஒப்பிட முடியாத அணி. 2–0 என்று கோலாலம்பூர் வென்றது. அந்த அணியின் பயிற்றுநர் யார் தெரியுமா? 2015இல் ஜேடிடி மாற்றிய அதே போயன் ஹோடாக்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு கோலாலம்பூரை ஏஎஃப்சி கிண்ண இறுதி வரை கொண்டு போனார். பிறகு இந்தோனேசியாவின் பெர்சிப் பண்டுங்குக்குப் போய், 2023–24, 2024–25 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள் வென்றார். பயிற்றுநர் முக்கியமில்லை என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் ஆதாரம் இந்த மனிதர்தான். வசதி குறைந்த அணியில் பயிற்றுநரின் கை நன்றாகத் தெரியும். எல்லாம் நிறைந்த அணியில் அது தெரிவதில்லை, அவ்வளவே.

இதனால் நமக்கு என்ன?

நியாயமான கேள்வி. ஜேடிடி வெல்வதில் குற்றம் எதுவும் இல்லை. சம்பளம் ஒழுங்காகத் தரும் கிளப் என்று ஆட்டக்காரர்களே சொல்வார்கள். மற்ற மாநிலங்களில் நடப்பதைப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். 2025 ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியில் ஜேடிடியை எதிர்த்து ஆடிய ஸ்ரீ பகாங், சில மாதங்களிலேயே லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. பேராக்கும் விலகியது. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. மூன்றுமே பெரிய வரலாறு உள்ள மாநிலங்கள். அந்த இடத்தை மலாக்கா, இமிகிரேசன், புருணையின் டிபிஎம்எம் ஆகியவை நிரப்பியிருக்கின்றன. போட்டி போட ஆளில்லாத லீக்கில் 12ஆவது பட்டம் வந்தாலும் அதை வைத்து ஒரு பயிற்றுநரை எப்படி எடைபோடுவது?

இன்னொரு பக்கம் நம் சமூகத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 2009இல் சீ விளையாட்டுத் தங்கம், 2010இல் ஆசியான் கிண்ணம். இரண்டையும் நாட்டுக்கு வென்று கொடுத்தவர் கே. ராஜகோபால். அதற்கு முன் தேசிய அணியைப் பார்த்துக்கொண்டவர் பி. சத்தியநாதன். 2010இல் கிளந்தான் மலேசியக் கிண்ணம் வென்றபோது பொறுப்பில் இருந்தவரும் அவர்தான். தமிழர்கள் பயிற்றுநர் பெஞ்சில் உட்காருவது அப்போது ஆச்சரியமே இல்லை. இந்தக் கட்டுரையில் ஜேடிடி பயிற்றுநர்கள் என்று நான் எழுதிய பெயர்களை மறுபடி பாருங்கள். ஒரு மலேசியர்கூட இல்லை. தமிழரை விடுங்கள், மலாய்க்காரரும் சீனரும்கூட இல்லை. நாட்டின் மிகச் சிறந்த வசதிகள் உள்ள கிளப்பில் உள்ளூர்ப் பயிற்றுநர் முதல் நாற்காலிக்கு வர முடியவில்லை என்றால், அவர் ஆசிய அளவிலான அனுபவத்தை எங்கே போய்ப் பெறுவார்?

ஆட்டக்காரர் விஷயத்திலும் வாசல் குறுகுகிறது. 2024–25 முதல் ஏசிஎல் எலைட்டில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. புரிராமைத் தாண்ட வேண்டும் என்ற அழுத்தத்தில் இருக்கும் பயிற்றுநர், 19 வயது உள்ளூர்ப் பையனை இறக்குவாரா, ஸ்பெயினிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ வந்த அனுபவசாலியை இறக்குவாரா? பதில் எல்லாருக்கும் தெரியும். குவாந்தானில் பிறந்த அரிஃப் அய்மான் மாதிரி ஒருவர் அந்தக் கூட்டத்தைத் தாண்டி நிற்கிறார் என்றால் அது அவருடைய அசாத்தியத் திறமை. எல்லாப் பையன்களும் அரிஃப் அய்மான் இல்லை.

முன்யோஸை எப்படி மதிப்பிடலாம்? லீக் அட்டவணையைப் பார்த்து வேண்டாம், அதில் அவருக்கு முன் வந்தவர்கள் எல்லாரும் பாஸ். ஏசிஎல் எலைட்டில் கடைசி 16ஐத் தாண்டுகிறாரா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, தோற்ற பிறகும் அவருக்கு நேரம் தருகிறார்களா என்று பாருங்கள். சாம்பியன்ஸ் லீக்கில் ஜேடிடி முதன்முறையாகக் குழுவைத் தாண்டிய ஆண்டு, ஒரே ஆளுக்குப் பல பருவம் கொடுத்துப் பார்த்த ஆண்டு என்பதை நிர்வாகமும் மறந்திருக்காது.

அந்த இரவு ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, பக்கத்து மேசையில் இருந்த ஓர் அண்ணன் என்னிடம் வந்தார். மகனுக்கு 13 வயது, தோட்டத் தமிழ்ப்பள்ளித் திடலில் ஆடிப் பழகியவன், இப்போது இடைநிலைப்பள்ளியில் இருக்கிறான். "பண்டார் பெனாவார் விளையாட்டுப் பள்ளிக்குப் போட்டுப் பார்க்கலாமா, இல்ல ஜேடிடி அகாடமிக்கே ட்ரை பண்ணலாமா தம்பி?" என்று கேட்டார். இரண்டுக்கும் முயற்சி செய்யுங்கள் என்றேன். அரங்கம் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பையன் அங்கே ஓர் ஆட்டமாவது நேரில் பார்த்திருக்கிறானா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம், அடுத்த ஹோம் மேட்சுக்குக் கூட்டிப் போகிறாராம்.